ஜோஸ்லின் அலோ: 122 ஹோம் ரன்களும் அவரைத் தவிர்க்க வீசப்பட்ட பந்துகளும்

அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்காக 2018 முதல் 2022 வரை ஆடிய ஜோஸ்லின் அலோ, 122 ஹோம் ரன்களோடு (பேட்டர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து, எல்லாப் பேஸ்களையும் சுற்றிவந்து ரன் எடுப்பது ஹோம் ரன்) தம் கல்லூரிக் காலத்தை முடித்துக்கொண்டார். அவருக்கு முன் அந்தச் சாதனை அதே பல்கலைக்கழகத்தின் லாரன் சேம்பர்லெய்னிடம் இருந்தது; அவர் 2015இல் 95 ஹோம் ரன்களுடன் நிறுத்தியிருந்தார். அதற்கும் முன்பு யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணியின் ஸ்டேசி நுவேமன் 90 அடித்திருந்தார். நுவேமனின் எண்ணிக்கையைச் சேம்பர்லெய்ன் ஐந்தால் கடந்தார். சேம்பர்லெய்னின் எண்ணிக்கையை அலோ 27ஆல் கடந்தார். சிறுகச் சிறுக உயர்ந்துவரும் ஒரு பட்டியலில் திடீரென இப்படியொரு பாய்ச்சல் நிகழும்போது, அதை வீராங்கனையின் புஜபலத்துக்கு மட்டும் எழுதிவைத்துவிட்டு நகர்ந்துவிட முடியாது.

இந்த ஆய்வு முக்கியமாகக் கவனிப்பது ஒரு முரணை. அலோ தம் வாழ்நாளிலேயே மிகச் சிறப்பாக அடித்த 2022ஆம் ஆண்டில்தான் எதிரணிகள் அவருக்கு அடிக்கத்தக்க பந்தை மிகக் குறைவாகவே வீசின. பந்தே வராத ஆண்டில் ஒருவர் எப்படி 34 ஹோம் ரன்கள் அடிக்கிறார் என்பதற்கு விடை தேடினால், அவருடைய ஐந்து பருவங்களின் கதை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆடுகளத்தின் கணக்கு

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்குச் சில அளவுகளை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பாலில் பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டர் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம் 43 அடி. பந்தின் சுற்றளவு 12 அங்குலம். கை இடுப்புக்குக் கீழே சுழன்று வந்து பந்தை விடுகிறது. தேர்ந்த பிட்சர்கள் மணிக்கு 70 மைல், அதாவது ஏறத்தாழ 113 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவார்கள். கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களோடு ஒப்பிட்டு இது குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. தூரம் அவ்வளவு குறைவு என்பதால் 43 அடியை அந்தப் பந்து 0.42 வினாடியில் கடந்துவிடும். பிட்சர் முன்னே பாய்ந்து பந்தை விடுவதையும் சேர்த்தால் பேட்டருக்குக் கிடைக்கும் நேரம் இன்னும் சுருங்கும். அந்த நேரத்துக்குள் பந்து மேலேறும் பந்தா, கீழே இறங்கும் பந்தா, வேகம் குறைத்து ஏமாற்றும் பந்தா என்று கண்டுகொண்டு, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, பேட்டைச் சுழற்றி முடிக்க வேண்டும்.

இன்னொரு விதியும் இந்த ஆய்வுக்கு இன்றியமையாதது. பேட்டர் அடிக்க முயலாத நிலையில், அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் வந்துவிட்டால் அவர் ஆடாமலேயே, ரன் எடுக்க வரிசையாகத் தொட்டுச் சுற்றிவர வேண்டிய இடங்களில் முதலாவதான முதல் பேஸுக்கு நடந்து செல்லலாம். இதை 'வாக்' என்பார்கள். கிரிக்கெட்டில் அபாயமான ஒரு பேட்டரைக் கண்டு அஞ்சும் அணிக்கு அவரைத் தவிர்க்கும் வழி கிடையாது. அவர் அவுட் ஆகும்வரை வீசித்தான் ஆக வேண்டும். சாஃப்ட்பாலில் வழி உண்டு. எதிரணிப் பயிற்சியாளர் நடுவரிடம் சைகை காட்டினாலே போதும், ஒரு பந்துகூட வீசாமல் பேட்டரை முதல் பேஸுக்கு அனுப்பிவிடலாம். ஒரு பேஸைத் தானமாகக் கொடுத்து, ஹோம் ரன் என்ற பேரிழப்பைத் தவிர்ப்பது. அலோவின் கடைசி ஆண்டு முழுவதும் இந்த விதியின் நிழலில்தான் நடந்தது.

ஹவாயிலிருந்து நார்மனுக்கு

அலோ ஹவாய் மாநிலத்தின் ஓவாஹு தீவில் உள்ள ஹவுலா என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். பசிபிக் நடுவிலிருந்து அமெரிக்காவின் உள்நாட்டுச் சமவெளியில், ஓக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கும் நார்மன் நகரத்துக்குப் படிக்கவும் ஆடவும் வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது ஓக்லஹோமா சாதாரண அணி அல்ல. 1995 முதல் பயிற்சியாளராக இருந்த பாட்டி காஸோவின் கீழ் 2000, 2013 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்று, 2016, 2017 என அடுத்தடுத்து மேலும் இரண்டு பட்டங்களைப் பெற்றிருந்தது. பேட்டிங் பயிற்சியைக் காஸோவின் மகன் ஜே. டி. காஸோ கவனித்துவந்தார். புதிதாக வரும் மாணவி பெஞ்சில் அமர்ந்து ஓராண்டு வேடிக்கை பார்த்தாலும் யாரும் குறை சொல்லாத இடம் அது.

அலோ வேடிக்கை பார்க்கவில்லை. 78 என்ற, சாஃப்ட்பாலில் அதிகம் காணக் கிடைக்காத எண்ணைச் சட்டையில் அணிந்து 2018இல் களமிறங்கிய அவர், முதல் பருவத்திலேயே 30 ஹோம் ரன்கள் அடித்தார். அந்த ஆண்டு நாட்டில் வேறெவரும் அத்தனை அடிக்கவில்லை. முதலாண்டு மாணவிகளில் சிறந்தவருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அணி மட்டும் மூன்றாவது தொடர் பட்டத்தை எட்டவில்லை. தேசிய இறுதிக்கட்டத் தொடரான மகளிர் கல்லூரி உலகத் தொடரில் வாஷிங்டனிடம் தோற்று வெளியேறியது. பட்டம் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குப் போனது.

இரண்டாம் ஆண்டின் இறக்கம்

2019இல் அவர் அடித்த ஹோம் ரன்கள் 16. வேறு எவருக்கும் பெருமை தரக்கூடிய எண்ணிக்கை அது. முப்பதில் தொடங்கியவருக்கு அது சரிபாதி. அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இந்த ஆண்டை ஒரு வாக்கியத்தில் கடந்துபோய்விடுகின்றன. என் கருத்தில் அவர் வாழ்க்கையில் மிகக் கூர்ந்து படிக்க வேண்டிய ஆண்டு அதுதான்.

முதல் ஆண்டில் பெயர் தெரியாத ஒரு மாணவியாக இருந்தவருக்கு எதிரணிகள் சாதாரணமாக வீசின. இரண்டாம் ஆண்டுக்குள் அவர் அடித்த ஒவ்வொரு பந்தின் காணொளியும் எதிரணிகளின் கைக்கு வந்திருந்தது. எந்தப் பந்தை விரட்டுவார், எதில் ஏமாறுவார் என்று பார்த்துத் திட்டமிட்டு வீசுவது கல்லூரி ஆட்டத்தின் வழக்கம். வலிமையை நம்பி வந்த பேட்டர்கள் பலர் இந்தக் கட்டத்தில் தவறு செய்வார்கள்: கிடைக்காத பந்தை அடித்தே தீர்வேன் என்று எல்லைக்கு வெளியே வரும் பந்தையும் துரத்துவார்கள். அங்கிருந்து மீள்வதற்கு வலிமை உதவாது. பொறுமை ஒன்றுதான் உதவும். வேண்டாத பந்தை விட்டுவிட்டு, ஆட்டத்துக்கு ஒருமுறை வரும் நல்ல பந்தைத் தவறவிடாமல் இருக்கும் பொறுமை. அந்த ஆண்டு ஓக்லஹோமா இறுதிப் போட்டி வரை சென்று யூசிஎல்ஏவிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது: முதல் ஆட்டம் 16-3, இரண்டாவது 5-4.

2020ஆம் ஆண்டு வேறு காரணத்தால் குறையாகவே நின்றுபோனது. கொரோனா பரவலையொட்டி மார்ச் 12 அன்று தேசியக் கல்லூரி விளையாட்டு ஆணையமான என்சிஏஏ அந்தப் பருவத்தின் சாம்பியன்ஷிப்களையெல்லாம் ரத்துசெய்தது. அலோ அப்போது 8 ஹோம் ரன்களில் இருந்தார். அம்மாத இறுதியில் எடுக்கப்பட்ட இன்னொரு முடிவு அவர் வாழ்க்கையைத் திசைதிருப்பியது: பருவம் பறிபோன வசந்தகால விளையாட்டு மாணவர்களுக்கு ஓராண்டு கூடுதலாக ஆட அனுமதி கிடைத்தது.

தோல்வியில் தொடங்கிய பட்டம்

2021இல் திரும்பி வந்தவர் வேறொரு பேட்டர். சராசரி 0.475, ஹோம் ரன்கள் 34, அணிக்குச் சேர்த்துக் கொடுத்த ரன்கள் 89. பேட்டிங்கில் பத்துக்கு மூன்று முறை வெற்றிகரமாக அடித்தாலே நல்ல ஆட்டக்காரர் என்று கருதப்படும் விளையாட்டில், இரண்டுக்கு ஒன்றை நெருங்கும் சராசரி அது. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கு யூஎஸ்ஏ சாஃப்ட்பால் வழங்கும் விருதைப் பெற்றார்.

அதைவிட முக்கியமாக, அந்த ஆண்டு அவரைச் சுற்றியிருந்த வரிசையே மாறியது. புதிதாக வந்த டியாரே ஜென்னிங்ஸ் தம் முதல் பருவத்திலேயே 27 ஹோம் ரன்கள் அடித்தார். ஜேடா கோல்மன், கின்ஸி ஹேன்சன், கிரேஸ் லயன்ஸ், லின்ஸி எலம் என்று வரிசையில் எங்கே தொட்டாலும் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பக்கூடியவர்கள் இருந்தார்கள். அணி மொத்தம் 161 ஹோம் ரன்கள் அடித்து என்சிஏஏ சாதனை படைத்தது. அதற்கு முன் 158 என்ற சாதனை 2010 முதல் ஹவாய் பல்கலைக்கழகத்திடம் இருந்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். தம் மாநிலத்து அணியின் சாதனையைத் தகர்த்த அணியில் அலோ இருந்தார். 161இல் அலோவும் ஜென்னிங்ஸும் சேர்ந்து அடித்தவை 61. மீதி 100 மற்றவர்களிடமிருந்து வந்தவை. அலோவை வாக்கில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று எந்தப் பிட்சரும் எண்ண முடியாதபடி செய்த எண் அந்த 100.

மகளிர் கல்லூரி உலகத் தொடர் எட்டு அணிகளுக்கு இடையே ஓக்லஹோமா சிட்டியில் நடைபெறுவது. இரண்டு தோல்வி கண்ட அணி வெளியேறும். எஞ்சும் இரண்டு அணிகள் மூன்று ஆட்டங்கள் கொண்ட இறுதியில் மோதும். முதலிடத் தகுதியோடு வந்த ஓக்லஹோமா, முதல் ஆட்டத்திலேயே தரவரிசை பெறாத ஜேம்ஸ் மேடிசன் அணியிடம் எட்டு இன்னிங்ஸ் (இரு அணிகளும் ஒருமுறை பேட் செய்து முடிக்கும் சுற்று ஓர் இன்னிங்ஸ்) ஆடி 4-3 என்று தோற்றது. ஜேம்ஸ் மேடிசனின் பிட்சர் ஒடிசி அலெக்சாண்டர் ஒரே ஆட்டத்தில் நாடறிந்த பெயரானார். இன்னொரு தோல்வி என்றால் பருவமே முடிந்துவிடும் என்ற நிலையில் ஓக்லஹோமா ஒவ்வொரு ஆட்டமாக வென்று திரும்பி, அதே ஜேம்ஸ் மேடிசனை இரண்டு முறை வீழ்த்தி, இறுதிக்கு வந்தது.

இறுதியில் ஃப்ளோரிடா ஸ்டேட் முதல் ஆட்டத்தை 8-4 என்று வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் ஓக்லஹோமா 6-2 என்று மீண்டது. அணியை முன்னிலைக்குக் கொண்டுசென்றது அலோவின் ஹோம் ரன். மூன்றாம் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே அவர் இன்னொரு ஹோம் ரன் அடித்தார். பிட்சர் ஜிசெல் ஹுவாரெஸ் அன்று முழு ஆட்டத்தையும் வீசி முடிக்க, 5-1 என்று பட்டம் வந்தது. தொடரின் சிறந்த வீராங்கனை விருது ஹுவாரெஸுக்குக் கிடைத்தது. அது சரியான முடிவுதான். ஆனால் முதல் இன்னிங்ஸிலேயே முன்னிலை கிடைத்த பிட்சரின் தோள் எவ்வளவு இலேசாகும் என்பதை ஆடியவர்கள் அறிவார்கள்.

ஐந்தாம் ஆண்டு

2021 முடிவில் அலோவின் மொத்தம் 88. சாதாரணமான நான்கு ஆண்டுக் கணக்கில் அவர் வாழ்க்கை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் சேம்பர்லெய்னின் 95 இன்றும் அவருக்கு மேலே நின்றிருக்கும். கூடுதல் ஓராண்டு அனுமதி இல்லையென்றால் இந்தச் சாதனை இல்லை. இதைச் சொல்லிச் சிலர் சாதனையின் மதிப்பைக் குறைக்கப் பார்ப்பதுண்டு. அது நியாயமில்லை. 2020இல் எட்டோடு நின்ற பருவத்தை அவர் முழுமையாக ஆடியிருந்தால் நான்கே ஆண்டுகளில் 95ஐத் தாண்டியிருப்பார் என்று கருதவும் இடமுண்டு. ஐந்தாம் ஆண்டு என்பது தானமாகக் கிடைத்தது அல்ல. பறிபோனது திரும்பக் கிடைத்தது. சேம்பர்லெய்னும் காயங்களால் ஆட்டங்களை இழந்தவர்தான் என்பதையும் அதே நேர்மையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2022 பருவம் பிப்ரவரியில் தொடங்கியது. முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே ஏழு ஹோம் ரன்கள் அடித்து, பிப்ரவரி 20 அன்று டெக்சஸ் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் 95ஐத் தொட்டார். அதற்குப் பின் நடந்ததுதான் இந்த ஆய்வின் நடுப்பகுதி.

பந்து வருவது நின்றுபோனது. சாதனைப் பட்டியலில் தம் அணியின் பெயர் எதிர்ப்பக்கத்தில் பதிவாவதை எந்தப் பிட்சர் விரும்புவார்? வாக்கின் மேல் வாக்கு. எல்லைக்குச் சற்று வெளியே வரும் பந்துகள், பேட்டின் எட்டுதலுக்கே அப்பால் போகும் பந்துகள், சில சமயம் நேரடியாகவே சைகை. பதினெட்டு நாட்களுக்கும் மேலாக அவருடைய எண்ணிக்கை 95இலேயே நின்றது. கூட்டம் வந்தது, தொலைக்காட்சிக் கருவிகள் வந்தன, அடிக்கத்தக்க பந்து மட்டும் வரவில்லை.

இத்தகைய காத்திருப்பு ஒரு பேட்டரைக் கெடுப்பதற்கு மிகவும் ஏற்ற சூழல். எல்லோரும் ஒன்றையே எதிர்பார்க்கிறார்கள். தமக்கும் அதுவே வேண்டும். வருவதோ வெளியே போகும் பந்துகள். 2019இன் அலோவாக இருந்திருந்தால் அந்தப் பந்துகளை விரட்டியிருப்பார் என்று நான் கருதுகிறேன். 2022இன் அலோ விரட்டவில்லை. வாக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு முதல் பேஸுக்குப் போனார். பின்னால் வந்தவர்கள் அடித்து அவரை ரன்னாக்கினார்கள். அணி வென்றுகொண்டே இருந்தது.

மார்ச் 11 அன்று ஹொனலூலுவில் ஹவாய் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 96ஆவது ஹோம் ரன் வந்தது. ஓக்லஹோமா அந்த ஆட்டத்தை 11-0 என்று வென்றது. அவர் பிறந்து வளர்ந்த தீவிலேயே, குடும்பத்தாரும் ஊராரும் பார்த்திருக்க, அது நிகழ்ந்தது. இப்படியொரு பொருத்தத்தைப் புனைகதையில் எழுதினால் வாசகர் நம்பமாட்டார். ஆனால் இதில் தற்செயலுக்குப் பங்கு உண்டென்றாலும், அது முழுக்கத் தற்செயல் அல்ல: மற்ற அணிகள் அவரைத் தவிர்த்துத் தவிர்த்துத்தான் சாதனை ஓவாஹு வரை வந்து சேர்ந்தது. முந்தைய அணிகளில் ஏதோ ஒன்று துணிந்து நேராக வீசியிருந்தால், அந்தப் பந்து வேறேதோ ஊரில் விழுந்திருக்கும்.

அடிக்காமல் ஏறிய பேஸ்கள்

2022 பருவத்தின் எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பேட்டிங் சராசரி 0.515. பேஸ் ஏறிய விகிதம் 0.646, அதாவது மூன்று முறை பேட் பிடித்து வந்தால் ஏறத்தாழ இரண்டு முறை அவரை அவுட் ஆக்க முடியவில்லை. ஸ்லக்கிங் விகிதம் 1.212. ஒற்றை அடிக்கு ஒன்று, ஹோம் ரன்னுக்கு நான்கு என்று அடியின் நீளத்துக்கேற்பப் பேஸ்களை எண்ணி, அடித்த வாய்ப்புகளால் வகுத்தால் கிடைப்பது ஸ்லக்கிங் விகிதம். அது ஒன்றைத் தாண்டுவதன் பொருள், அவுட் ஆன வாய்ப்புகளையும் சேர்த்தே ஒவ்வொரு வாய்ப்புக்கும் சராசரியாக ஒரு பேஸுக்கு மேல் பெற்றார் என்பது.

இந்த விகிதங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், அந்தப் பருவத்தில் வாக் முதலியன நீங்கலாக அவர் உண்மையில் அடித்து ஆடிய வாய்ப்புகள் 165 என்றும், அடிக்காமலேயே பேஸ் ஏறியவை அறுபதை ஒட்டி என்றும் தெரிகிறது. அந்த 165இல் 34 ஹோம் ரன்கள்: ஐந்துக்கு ஒன்றுக்கும் மேல். ஐந்து ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆறு வாய்ப்புக்கு ஒன்று என்ற அளவில் இருந்தது. ஆக, பந்து குறையக் குறைய அடி கூர்மையடைந்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது வியப்பு. சற்று யோசித்தால் வியப்பில்லை. நல்ல பந்தை மட்டுமே அடிப்பேன் என்று முடிவு செய்தவருக்கு, அடித்த பந்துகளில் நல்ல பந்துகளின் விகிதம் இயல்பாகவே உயரும். தவிர்ப்பு உத்தி அவருடைய மொத்த வாய்ப்புகளைக் குறைத்தது. எஞ்சிய வாய்ப்புகளின் தரத்தையோ உயர்த்திவிட்டது. எதிரணிகள் எண்ணிப் பார்க்காத விளைவு இது.

அணியின் பங்கை இங்கே மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜென்னிங்ஸ் 2022இல் 29 ஹோம் ரன்கள் அடித்தார். அலோவை வாக்கில் அனுப்புவது ஒரு பேஸைக் கொடுப்பதோடு நிற்காது. அடுத்துவரும் ஹோம் ரன்னின் மதிப்பை ஒரு ரன் கூட்டிக்கொடுப்பதாகவும் ஆகும். பலவீனமான அணியில் அவர் ஆடியிருந்தால் எதிரணிகள் அவரைப் பருவம் முழுதும் நடக்கவைத்தே முடித்திருப்பார்கள். இந்த விளையாட்டில் ஹோம் ரன் சாதனை என்பது தனிநபர் பெயரில் பதியப்படும் கூட்டுச் சொத்து என்றே எனக்குத் தோன்றுகிறது.

இறுதித் தொடர்

ஓக்லஹோமா 2022 பருவத்தை 38 தொடர் வெற்றிகளோடு தொடங்கியது. ஏப்ரலில் டெக்சஸ் அதை முறித்தது. ஓக்லஹோமா இடம்பெற்றிருந்த கல்லூரிக் கூட்டமைப்பின் (கான்ஃபரன்ஸ்) தொடர் இறுதியில் ஓக்லஹோமா ஸ்டேட் இரண்டாவது தோல்வியைத் தந்தது. மூன்றாவது தோல்வி மிக மோசமான நேரத்தில் வந்தது: ஜூன் 6 அன்று கல்லூரி உலகத் தொடரின் அரையிறுதிக் கட்டத்தில் யூசிஎல்ஏ 7-3 என்று வென்று, அதே நாளில் இன்னொரு ஆட்டத்துக்கு வழிவகுத்தது. அதிலும் தோற்றால் அலோவின் கல்லூரி வாழ்க்கை அன்றே முடிந்திருக்கும்.

அந்த இரண்டாவது ஆட்டத்தில் அலோ நான்கு முறை பேட் பிடித்து நான்கு முறையும் வெற்றிகரமாக அடித்தார். இரண்டு ஹோம் ரன்கள். அவற்றில் ஒன்று மூன்று பேஸ்களும் நிறைந்திருந்தபோது அடித்த கிராண்ட் ஸ்லாம். ஏழு ரன்களை அவர் ஒருவரே சேர்த்துத் தந்தார். 15-0 என்ற நிலையில் ஐந்தாவது இன்னிங்ஸோடு ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஐந்து இன்னிங்ஸ் முடிவில் எட்டு ரன்களுக்குக் குறையாத முன்னிலை இருந்தால் ஆட்டம் முடிந்ததாகக் கொள்வது கல்லூரி விதி. எத்தனையோ ஹோம் ரன்களுக்கிடையில் ஒரே ஒரு ஆட்டத்தைத் தேர்ந்து இவரை அறியாதவர்களுக்குக் காட்டச் சொன்னால், நான் ஹொனலூலுவை அல்ல, இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன். சாதனையை முறியடித்த ஆட்டத்தில் தோற்றிருந்தாலும் இழப்பு எதுவும் இல்லை. இந்த ஆட்டத்தில் எல்லாமே பணயத்தில் இருந்தது.

இறுதியில் எதிரே நின்றது டெக்சஸ். தரவரிசை பெறாமல் இறுதிவரை வந்த முதல் அணி அது. ஆனால் முதல் ஆட்டம் 16-1. அலோ இரண்டு ஹோம் ரன்கள், ஜென்னிங்ஸ் இரண்டு. ஜூன் 9 அன்று நடந்த இரண்டாம் ஆட்டத்தை 10-5 என்று வென்று ஓக்லஹோமா தொடர்ந்து இரண்டாம் முறையாகப் பட்டத்தைக் கைப்பற்றியது. பருவத்தின் கணக்கு 59 வெற்றி, 3 தோல்வி. தொடரின் சிறந்த வீராங்கனை விருது இம்முறை அலோவுக்கு. ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை விருதையும் தொடர்ந்து இரண்டாம் முறை பெற்றார்.

ஐந்து பருவங்களின் முடிவில் அவர் வசம் மூன்று என்சிஏஏ சாதனைகள் இருந்தன: 122 ஹோம் ரன்கள், மொத்தம் 761 பேஸ்கள், 0.987 ஸ்லக்கிங் விகிதம். ஸ்லக்கிங்கில் முந்தைய உச்சமான 0.960உம் சேம்பர்லெய்னுடையதே. ஹோம் ரன் எண்ணிக்கை கூடுதல் ஆண்டின் பலன் என்று வாதிடுபவர்களுக்கு இந்தக் கடைசி எண்தான் பதில். மொத்த எண்ணிக்கை ஆண்டுகள் கூடினால் கூடும். விகிதம் அப்படிக் கூடாது, நீண்ட காலம் ஆடினால் குறைவதற்கே வாய்ப்பு அதிகம்.

குறைகள் என்று சொல்லத்தக்கவை

ஓர் ஆய்வு புகழ்மாலையாக முடிந்துவிடக் கூடாது. அலோ பெரும்பாலும் பேட்டிங்குக்காகவே இறங்கும் 'டெசிக்னேட்டட் பிளேயர்' என்ற இடத்தில் ஆடியவர். தடுப்பில் தினமும் பந்து பொறுக்கும் ஷார்ட்ஸ்டாப்பையோ, ஆட்டம் முழுதும் குந்தியிருக்கும் கேட்சரையோ போல உடலைத் தேய்க்க வேண்டிய தேவை அவருக்குக் குறைவாக இருந்தது. கல்லூரி சாஃப்ட்பாலின் மிகச் சிறந்த வீராங்கனை யார் என்ற விவாதத்தில் இது முக்கியம். யூசிஎல்ஏவின் லீசா ஃபெர்னாண்டஸ் போல, பிட்சராகவும் பேட்டராகவும் ஒருசேர உச்சத்தில் நின்றவர்கள் இந்த விளையாட்டில் இருந்திருக்கிறார்கள். மிகச் சிறந்த பேட்டர் என்ற இடத்தை அலோவுக்குக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற இடத்தைக் கொடுப்பதில் உண்டு.

ஒரே பருவத்தில் அதிக ஹோம் ரன்கள் என்ற சாதனையும் அவர் ஆடிய காலத்தில் அவர் கைக்கு எட்டவில்லை. அரிசோனாவின் லாரா எஸ்பினோஸா 1995இல் அடித்த 37 அது. அலோ இரண்டு முறை 34இல் நின்றார். 2022இல் வாக்கில் போன அந்த அறுபதில் ஒரு பகுதியாவது நேரான பந்தாக வந்திருந்தால் அதுவும் விழுந்திருக்கும் என்பது வெறும் ஊகம். ஆயினும் அவருடைய விகிதத்தை வைத்துப் பார்த்தால் பலமான ஊகம்.

கல்லூரிக்குப் பின்

கல்லூரிக்கு அப்பால் அவருக்குக் காத்திருந்த உலகம் சிறியது. அமெரிக்காவில் பெண்கள் சாஃப்ட்பாலின் விந்தை இது: கல்லூரி ஆட்டங்களுக்கு அரங்கு நிறைகிறது, தொலைக்காட்சியில் இலட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள், ஆனால் அப்போது பட்டம் பெற்று வெளியே வந்தவர்களுக்குத் தொழில்முறை ஆட்டத்துக்கு நிலையான களம் இருக்கவில்லை. நெடுங்காலம் நடந்துவந்த தொழில்முறை லீக்கான என்பிஎஃப் (நேஷனல் ப்ரோ ஃபாஸ்ட்பிட்ச்) 2021இல் மூடப்பட்டது. அதனையடுத்து உருவான வுமன்ஸ் புரொஃபஷனல் ஃபாஸ்ட்பிட்ச் லீக்கின் முதல் வீரர் தேர்வில், 2022இல், முதல் பெயராக அழைக்கப்பட்டவர் அலோ. ஸ்மாஷ் இட் ஸ்போர்ட்ஸ் வைப்பர்ஸ் அணி அவரை எடுத்தது. பின்னர் ஓக்லஹோமா சிட்டி ஸ்பார்க் அணிக்கு ஆடினார். கல்லூரி மாணவர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்து வருமானம் ஈட்டலாம் என்று 2021 ஜூலையில் என்சிஏஏ விதி மாறியதால், அவருடைய ஐந்தாம் ஆண்டு வருமான வகையிலும் முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காத வாய்ப்பைத் தந்தது. சேம்பர்லெய்ன் 95 அடித்த காலத்தில் அதிலிருந்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க விதி அனுமதிக்கவில்லை.

ஜென்னிங்ஸ் 2024இல் 98 ஹோம் ரன்களோடு கல்லூரியை விட்டு வெளியேறினார். சேம்பர்லெய்னைத் தாண்டிவிட்டார், அலோவுக்கு 24 கீழே நின்றார். ஓக்லஹோமா அந்த ஆண்டோடு தொடர்ந்து நான்கு தேசியப் பட்டங்களை முடித்திருந்தது. நான்கு ஆண்டுகளும் அதே பயிற்சியாளர்களின் கீழ், அதே வலுவான வரிசையில் ஆடிய, தாமும் அரிய திறமை படைத்த ஒருவரால் 98தான் எட்ட முடிந்தது. அணியின் வலிமை சாதனைக்கு எவ்வளவு பங்களித்தது, அதற்கு மேலே அலோ தம்முடையதாகச் சேர்த்தது எவ்வளவு என்பதை அளக்க விரும்புபவருக்கு, இதைவிட நெருக்கமான ஒப்பீடு வேறு கிடைக்காது.